ஏலி கண்டித்தாரே, அப்புறம் ஏன் தண்டனை?

கேள்வி:

என் கணவர் ஒரு சின்ன ஊரில் 24 வருடமாகச் சபை நடத்துகிறார். எங்கள் வீட்டு முன்னறையில் நாலு பேரோடு தொடங்கியது, இன்று 200 பேர் வருகிறார்கள். மகனுக்கு 27 வயது. மூன்று வருடமாக ஆராதனை நடத்துவதும் வாலிபர் கூட்டமும் அவன் பொறுப்பு. காணிக்கை எண்ணுவதும் அவன்தான், அதில் கை வைக்கிறான் என்று எனக்குத் தெரியும். போன மாதம் கொயரில் பாடுகிற இரண்டு பெண்கள் என்னிடம் தனியாக வந்து, ராத்திரி 11 மணிக்கு மேல் அவன் அனுப்பின மெசேஜ்களைக் காட்டினார்கள். ஒருத்தி பிளஸ் டூ படிக்கிறாள், 17 வயது. நாலு வரிக்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை, போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கணவரிடம் சொன்னேன். அவனைக் கூப்பிட்டு அழுதுகொண்டே திட்டினார், மூன்று நாள் உபவாசம் இருந்தார். அடுத்த ஞாயிறு அவன் மறுபடியும் மைக் பிடித்து நின்றான். மூப்பர் ஒருவர் கேட்டதற்கு, "அபிஷேகம்பண்ணப்பட்டவனைத் தொடாதே, கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று சொல்லிவிட்டார். இதே மனுஷர்தான் போன வருடம் ஒரு பையன் காதலிக்கிறான் என்று தெரிந்ததும், இனி நீ கிதார் வாசிக்கக்கூடாது என்று நிறுத்தினவர். எனக்கு, மகன்கள் கெட்டுப்போன ஆசாரியர் ஏலியின் ஞாபகமாகவே இருக்கிறது. ஆனால் ஏலியும் கண்டித்தாரே? சாமுவேல் தீர்க்கதரிசியின் பிள்ளைகளும் கெட்டுப்போனார்களே, அவருக்கு ஏன் தண்டனை இல்லை? வளர்த்த நான்தான் குற்றவாளியா? என் மகளுக்கு இரண்டு வயதில் குழந்தை இருக்கிறது, இந்தச் சாபம் அதன்மேலும் வருமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். கடிதத்தைச் சுருக்கியிருக்கிறேன்.)

பதில்:

அன்புள்ள சகோதரி,

நான் பல வருடம் பழைய ஏற்பாடு கற்றுக்கொடுத்தவள், இப்போது குடும்ப ஆலோசனை செய்கிறேன். உங்கள் கடிதத்துக்கு இரண்டும் தேவைப்படுகிறது. முதலில் ஏலியிடமே போவோம், ஏனென்றால் நீங்கள் கேட்ட கேள்வி சரியான கேள்வி. ஏலி கண்டித்தார், உண்மைதான். சாமுவேலின் முதலாம் புத்தகம் 2-ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசித்தால், அந்தக் கண்டிப்பில் என்ன இல்லை என்பது தெரியும்.

ஏலி ஆசாரியராக இருந்த சீலோவில் என்ன நடந்தது? ஒருவர் ஆட்டையோ மாட்டையோ பலியாகக் கொண்டுவருகிறார். ஆசாரியனுக்கு எந்தப் பங்கு என்று நியாயப்பிரமாணத்தில் எழுதியே இருக்கிறது: லேவியராகமத்தில் மார்க்கண்டமும் வலது முன்னந்தொடையும், உபாகமத்தில் முன்னந்தொடையும் தாடைகளும் இரைப்பையும். யாரும் அவர்களைப் பட்டினி போடவில்லை. ஆனால் இறைச்சி வேகும்போதே ஒரு வேலைக்காரன் மூன்று முனையுள்ள முள்ளோடு வருகிறான், பானைக்குள் குத்துகிறான், எது மாட்டுகிறதோ அது ஆசாரியனுக்கு. அதிலும் திருப்தியில்லை. கொழுப்பைக் கர்த்தருக்குத் தகனம்பண்ணும் முன்பே, "பச்சையாகக் கொடு, பொரிக்கவேண்டும்" என்கிறான். பலி கொண்டுவந்த சாதாரண ஆள், "முதலில் கொழுப்பு தகனமாகட்டும், அப்புறம் வேண்டியதை எடுத்துக்கொள்" என்று கெஞ்சுகிறார். பிரமாணத்தை நினைப்பூட்டுகிறவர் விவசாயி, மீறுகிறவன் ஆசாரியன் வீட்டு ஆள். "இல்லை, இப்பவே கொடு, இல்லாவிட்டால் பலவந்தமாக எடுப்பேன்" என்பதுதான் அவன் பதில். இதனால் ஜனங்கள் காணிக்கையையே வெறுத்தார்கள் என்று 17-ஆம் வசனம் சொல்கிறது. உங்கள் சபையில் காணிக்கை எண்ணுகிற மேசையை இதோடு வைத்துப் பாருங்கள்.

அடுத்தது பெண்கள். ஆசரிப்புக் கூடாரத்தின் வாசலில் ஊழியம் செய்த ஸ்திரீகளோடு ஏலியின் மகன்கள் ஓப்னியும் பினெகாசும் சயனித்தார்கள் என்கிறது 22-ஆம் வசனம். இந்த வாசலை மனதில் வைத்துக்கொண்டு முதல் அதிகாரத்துக்குத் திரும்பிப் போங்கள். ஏலியின் ஆசனம் எங்கே இருந்தது? ஆலயத்து வாசல் நிலையண்டையில். அந்தப் பெண்கள் வேலை செய்ததும் வாசலில், அவர் உட்கார்ந்திருந்ததும் வாசலில். அப்படியிருந்தும் மகன்களிடம் அவர் பேசும்போது, ஊரார் சொல்லிக் கேள்விப்படுகிறேன், நல்ல செய்தி அல்லவே என்றுதான் ஆரம்பிக்கிறார். அவர் பேசின வார்த்தைகளை ஒன்றுவிடாமல் தேடிப்பாருங்கள். அந்தப் பெண்களைப் பற்றி ஒரு சொல் இல்லை. அவர்களைக் கூப்பிட்டு விசாரித்ததாகவும் இல்லை. பறித்த இறைச்சியைத் திருப்பிக் கொடுங்கள் என்பதும் இல்லை. இனி பலிபீடத்துப் பக்கம் வராதே என்பது இல்லவே இல்லை.

இத்தனைக்கும் அவர் வாய் பேசத்தெரியாதவர் அல்ல. பிள்ளையில்லாத அன்னாள் உதடு மட்டும் அசைய மனதுக்குள் ஜெபித்துக்கொண்டிருந்தபோது, குடித்திருக்கிறாள் என்று முடிவு கட்டி, எந்தமட்டும் வெறித்திருப்பாய் என்று கேட்டவர் இவர்தான். அழுகிற ஒரு பெண்ணிடம் அந்த வேகம், சொந்த மகன்களிடம் "நல்ல செய்தி அல்லவே". கிதார் பையனைப் பற்றி நீங்கள் எழுதினதைப் படித்தபோது எனக்கு அன்னாள்தான் ஞாபகம் வந்தாள்.

உங்கள் கேள்விக்கு நேரடியான பதில் 3-ஆம் அதிகாரம் 13-ஆம் வசனத்தில் இருக்கிறது. பிள்ளைகள் செய்வதை அவர் அறிந்திருந்தும் அவர்களை அடக்காமற்போனார், அதுதான் அவர்மேல் உள்ள குற்றச்சாட்டு. பிள்ளை கெட்டுப்போனான் என்பதற்காகத் தீர்ப்பு வரவில்லை. சரியாக வளர்க்கவில்லை என்றுகூட அங்கே சொல்லப்படவில்லை. தெரிந்தது, தடுக்க அதிகாரம் இருந்தது, தடுக்கவில்லை. அந்த "அடக்கு" என்கிற இடத்தில் எபிரெயத்தில் வருகிற வினைச்சொல்லின் வேரும், அதே அதிகாரம் 2-ஆம் வசனத்தில் ஏலியின் கண்கள் "மங்கலாகி" என்று வருகிற சொல்லின் வேரும் ஒன்றாகவே இருக்கின்றன. எழுதினவர் தெரிந்துதான் இரண்டையும் பக்கத்தில் வைத்திருக்கிறார் என்று நினைக்கிறேன்: கண் மங்கிப்போயிற்று, மங்கச் செய்யவேண்டிய காரியத்தை அவர் மங்கச் செய்யவில்லை.

இன்னொன்று, 2-ஆம் அதிகாரம் 29-ஆம் வசனம். என்னைவிட உன் குமாரரை ஏன் கனப்படுத்துகிறாய், ஜனங்களின் காணிக்கையில் சிறந்ததைத் தின்று *நீங்கள்* ஏன் கொழுக்கிறீர்கள் என்று கேட்கிறார் தேவன். "நீங்கள்" என்று வருகிறது, அதில் ஏலியும் சேர்த்தி. முள் போட்டு எடுத்தது மகன்கள், ஆனால் வீட்டில் சமைத்ததை அவரும் சாப்பிட்டிருக்கிறார். 98 வயதில் ஆசனத்திலிருந்து மல்லாக்க விழுந்து பிடரி முறிந்து சாகிறபோது, அவர் கனமானவராயிருந்தார் என்று எழுதியிருக்கிறது. எபிரெயத்தில் கனப்படுத்துவதற்கும் பாரத்துக்கும் மகிமைக்கும் ஒரே வேர். நம் தமிழிலும் "கனம்" என்பது மரியாதையையும் எடையையும் சேர்த்தே சுமக்கிற சொல் என்பதால் நமக்கு இது சுலபமாகப் புரியும். கனம் போகக்கூடாத இடத்துக்குப் போய்விட்டது, கடைசியில் பேரன் பிறந்தபோது மருமகள் வைத்த பெயர் இக்கபோத், மகிமை விட்டுப்போயிற்று என்று.

ஏலியால் அவர்களை நீக்கியிருக்க முடியுமா என்று சிலர் என்னிடம் கேட்பார்கள், ஆசாரியத்துவம் பரம்பரையாக வருவதாயிற்றே என்று. முடியும். அவர் தலைமை ஆசாரியர், 40 வருடம் இஸ்ரவேலை நியாயம் விசாரித்தவர். பிற்காலத்தில் அதே ஏலியின் வம்சத்து அபியத்தாரை சாலொமோன் ஆசாரியப் பொறுப்பிலிருந்து தள்ளினாரே. ஏலிக்கு ஒன்றல்ல, இரண்டு எச்சரிப்பு வந்தது, முதலில் ஒரு தேவமனுஷன் மூலமாக, அப்புறம் சிறுவன் சாமுவேல் மூலமாக. அதற்கெல்லாம் பிறகு, 4-ஆம் அதிகாரத்தில் உடன்படிக்கைப் பெட்டி யுத்தப் பாளயத்துக்கு வரும்போது பக்கத்தில் யார் நிற்கிறார்கள்? ஓப்னியும் பினெகாசும். இன்னும் அதே பொறுப்பில். அந்த யுத்தத்தில் முதலில் 4,000 பேர், பிறகு 30,000 பேர் செத்தார்கள். ஒரு வீட்டுக்குள் அடக்காமல் விட்டது ஊர் முழுவதும் போய் விழுந்தது.

சாமுவேல் சொன்னதைக் கேட்டுவிட்டு ஏலி என்ன சொன்னார்? அவர் கர்த்தர், தமது பார்வைக்கு நலமானதைச் செய்வாராக என்றார். இதைத் தாழ்மை என்று பிரசங்கம் பண்ணுவார்கள், நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் கற்றுக்கொடுத்தேன். இப்போது என்னால் அப்படி வாசிக்க முடியவில்லை. மறுநாள் காலையில் ஓப்னியைக் கூப்பிட்டு அந்த முள்ளை வாங்கி வைத்திருக்கலாம். அதைச் செய்யாமல் கர்த்தர்மேல் போட்டுவிட்டார். உங்கள் கணவர் சொல்கிற "கர்த்தர் பார்த்துக்கொள்வார்" அதே வாக்கியம்தான், சகோதரி.

அழுததும் உபவாசம் இருந்ததும் பொய் என்று நான் சொல்லவில்லை. அவர் மனம் உடைந்திருக்கும். தாவீதின் வீட்டிலும் இப்படி நடந்தது. அம்னோன் தன் தங்கை தாமாரைக் கெடுத்தபோது, தாவீது மிகவும் கோபங்கொண்டார் என்று இருக்கிறது. அவ்வளவுதான். செப்துவஜிந்த் என்கிற பழைய கிரேக்க மொழிபெயர்ப்பிலும் சவக்கடல் பக்கம் கும்ரானில் கிடைத்த பழைய சாமுவேல் சுருளிலும் அந்த இடத்தில் ஒரு வரி அதிகமாக இருக்கிறது: முதற்பேறானவன் என்பதால் அம்னோன்மேல் பிரியம் வைத்திருந்தார், ஆகவே அவன் மனதை நோகடிக்கவில்லை என்று. கோபம் வந்தது, ஆனால் அந்தக் கோபத்தால் அம்னோன் எதையும் இழக்கவில்லை. தாமாரோ அண்ணன் அப்சலோம் வீட்டில் தனித்துக் கிடந்தாள். இரண்டு வருடம் கழித்து அப்சலோம் தன் கையாலேயே நியாயம் தேடிக்கொண்டபோது அந்தக் குடும்பம் சிதறிப்போயிற்று. நியாயம் சொல்லவேண்டியவர் சொல்லாமல் விட்டால் அது அப்படியே உறங்கிவிடாது, இதை என் ஆலோசனை அறையிலும் நிறையப் பார்த்திருக்கிறேன்.

சரி, சாமுவேல். அவருடைய மகன்கள் யோவேலும் அபியாவும் பெயெர்செபாவில் நியாயாதிபதிகளாக இருந்து பரிதானம், அதாவது லஞ்சம், வாங்கினார்கள். அவருக்கு ஏன் தண்டனை வரவில்லை என்று வேதம் காரணம் சொல்லவில்லை, ஆகவே இது என் வாசிப்பு மட்டும்தான். சாமுவேல் ராமாவில் இருந்தார், பெயெர்செபா தெற்கே வெகுதூரம். அந்தப் பரிதானத்தில் அவர் சாப்பிட்டார் என்று எங்கும் இல்லை. மூப்பர்கள் வந்து "உம்முடைய குமாரர் உமது வழியில் நடக்கவில்லை" என்று முகத்துக்கு நேரே சொன்னபோது அவர்களை அடக்கவும் இல்லை, மகன்களுக்காக வாதாடவும் இல்லை. 12-ஆம் அதிகாரத்தில் ஜனம் எல்லாருக்கும் முன்னால் நின்று, யாருடைய எருதை எடுத்தேன், யாருக்கு இடுக்கண் செய்தேன், யார் கையில் பரிதானம் வாங்கினேன், சொல்லுங்கள், திருப்பித் தருகிறேன் என்று தானே கணக்குக் கேட்கச் சொல்கிறார். ஏலி இப்படி ஒருநாளும் எழுந்து நிற்கவில்லை. இவ்வளவு இருந்தும் அவருக்கும் இழப்பு வந்தது, அந்த மகன்களைக் காரணம் காட்டித்தானே ஜனங்கள் ராஜா வேண்டும் என்றார்கள்.

நீங்கள் குற்றவாளியா? வளர்த்ததைப் பற்றிக் கேட்டால், அந்தப் பாரத்தைக் கீழே வையுங்கள். எசேக்கியேல் 18-ஆம் அதிகாரத்தில், பிதாக்கள் திராட்சக்காயைத் தின்ன பிள்ளைகளின் பல் கூசிற்று என்கிற பழமொழியை இனி சொல்லாதேயுங்கள் என்று தேவன் தடை போடுகிறார். நீதிமானுக்குக் கொடூரமான மகன் பிறக்கலாம், அவன் பாவம் அவன்மேல் இருக்கும் என்று விளக்கமாகவே இருக்கிறது. ஏசாயா புத்தகம் தொடங்குவதே, பிள்ளைகளை வளர்த்தேன், அவர்கள் எனக்கு விரோதமாகக் கலகம்பண்ணினார்கள் என்று தேவன் புலம்புவதோடுதான். பிள்ளை வழிதவறினால் பெற்றவர் தவறு என்பது விதியானால் அது அவரையும் சேர்த்துக் குற்றம் சொல்லும். 27 வயது ஆண் ராத்திரி 11 மணிக்கு ஒரு பள்ளிப் பெண்ணுக்கு என்ன தட்டச்சு செய்கிறான் என்பது அவன் பொறுப்பு.

பேரக்குழந்தையைப் பற்றிய பயத்துக்கும் ஒரு பதில் இருக்கிறது, இது எனக்கு மிகவும் பிடித்த இடம். 1 நாளாகமம் 6-ஆம் அதிகாரத்து வம்சவரலாற்றை எல்லோரும் தாண்டிப் போய்விடுவார்கள். அதில் 33-ஆம் வசனத்தில் ஏமான் என்கிற பாடகன் வருகிறான், கர்த்தருடைய ஆலயத்தில் பாட தாவீது வைத்தவன். யாருடைய மகன்? யோவேலின் மகன், சாமுவேலின் பேரன். அதே பரிதானம் வாங்கின யோவேல். இன்னும் மேலே வாசித்துக்கொண்டே போனால் அந்த வம்சம் பூமி பிளந்து விழுங்கின கோராகு வழியாகவே போகிறது. சாபம் குழந்தைமேல் ஒட்டிக்கொண்டு வரும் என்று யாராவது உங்களிடம் சொன்னால் இந்த ஒரு பக்கத்தைத் திறந்து காட்டுங்கள்.

ஆனால் சகோதரி, "அறிந்திருந்தும்" என்ற அந்தச் சொல் இப்போது உங்களையும் தொடுகிறது. போன மாதம் வரை அந்த மெசேஜ்களைப் பற்றி உங்களுக்குத் தெரியாது. இப்போது தெரியும். இதை எழுதுவது எனக்குச் சுலபமாக இல்லை, கணவர், மகன், வீடு, 24 வருட ஊழியம் எல்லாம் ஒரே கயிற்றில் கட்டியிருக்கிறது என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

முதலில் மைக். இந்த ஞாயிறே அவன் மேடை ஏறக்கூடாது, வாலிபர் கூட்டத்தையும் எடுக்கக்கூடாது. கணவரிடம் தனியாக மட்டும் பேசவேண்டாம், கேள்வி கேட்ட அந்த மூப்பரையும் கூட வைத்துக்கொள்ளுங்கள். "அபிஷேகம்பண்ணப்பட்டவனைத் தொடாதே" என்று கணவர் திரும்பவும் எடுத்தால், 105-ஆம் சங்கீதத்தை முழுதாக வாசிக்கச் சொல்லுங்கள். ஊர் ஊராக அலைந்த ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபைக் கொடுமைப்படுத்தாதே என்று ராஜாக்களுக்குச் சொன்ன வார்த்தை அது, அதிகாரம் இல்லாதவனைக் காப்பாற்றச் சொன்னது. அதே தாவீது அபிஷேகம்பண்ணப்பட்டவர்தான், நாத்தான் போய் "நீயே அந்த மனுஷன்" என்று சொல்லவில்லையா? மூப்பன்மேல் இரண்டு மூன்று சாட்சி இல்லாமல் குற்றச்சாட்டை ஏற்காதே என்று 1 தீமோத்தேயு 5:19-ஐயும் எடுப்பார்கள். இங்கே இரண்டு பெண்கள் வந்திருக்கிறார்கள், அதோடு எழுத்தும் இருக்கிறது. அடுத்த வசனம் பாவம் செய்தவர்களை எல்லாருக்கும் முன்பாகக் கடிந்துகொள் என்கிறது, அதற்கடுத்தது பட்சபாதம் பண்ணாதே என்கிறது. கிதார் பையனுக்கு ஒரு அளவு, மகனுக்கு ஒரு அளவு என்பதற்குத்தான் பட்சபாதம் என்று பெயர்.

காணிக்கையை இனி உங்கள் குடும்பத்தைச் சேராத இரண்டு பேர் எண்ணட்டும், எண்ணின தொகையை அன்றே எழுதிக் கையெழுத்துப் போடட்டும். போன மூன்று வருடக் கணக்கை மூப்பர்கள் பார்க்கட்டும், எடுத்தது தெரிந்தால் திருப்பிக் கட்டவேண்டியது உங்கள் குடும்பம். இதைப் பற்றி இவ்வளவு போதும்.

பெரிய விஷயம் அந்த 17 வயதுப் பெண். 18 நிறையாத பிள்ளையிடம் பாலியல் நோக்கத்தோடு பேசுவது, மெசேஜ் அனுப்புவது எல்லாம் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தில் குற்றம். தெரிந்தவர் யாராக இருந்தாலும் போலீசுக்குத் தெரிவிக்கவேண்டும் என்று அதன் 19-ஆம் பிரிவு சொல்கிறது, தாயாக இருப்பது இதற்கு விலக்கு ஆகாது. மறைத்தால் 21-ஆம் பிரிவில் 6 மாதம் வரை சிறை. தனக்குக் கீழே இருக்கிற ஒருவர் செய்ததை ஒரு நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் தெரிவிக்காமல் விட்டால் ஒரு வருடம் வரை. பொறுப்பில் இருப்பவருக்கு ஏன் அதிகம் என்று உங்கள் கணவர் கேட்டால், யாக்கோபு 3:1-ஐ அவரே எத்தனை தடவை பிரசங்கம் பண்ணியிருப்பார், போதகர்களுக்கு ஆக்கினை அதிகம் என்று. எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் 1098-க்குக் கூப்பிடுங்கள், குழந்தைகளுக்கான உதவி எண் அது. இன்னொரு பெண்ணுக்கு 18 நிறைந்திருந்தால் 181, அது பெண்களுக்கான உதவி எண். நாளை ஒரு வக்கீலையும் பாருங்கள், உங்கள் சபைக்குச் சம்பந்தமில்லாத ஒருவராக.

அந்தப் பெண்ணின் அப்பா அம்மாவுக்குத் தெரியவேண்டும், ஆனால் அவளிடம் கேட்டு, அவள் பக்கத்தில் இருந்து சொல்லுங்கள். உங்கள் கணவரோ மூப்பர்களோ அவர்கள் வீட்டுக்குப் போய் "சபையின் சாட்சி கெட்டுவிடும், மன்னித்துவிடுங்கள்" என்று கேட்க விடாதீர்கள். அவள் சார்பாக மன்னிக்க உங்களுக்கோ எனக்கோ அதிகாரம் இல்லை. மெசேஜ்களை அழிக்கவேண்டாம் என்று இருவரிடமும் சொல்லுங்கள், நீங்கள் உங்கள் போனுக்கு அனுப்பச் சொல்லி வாங்கவும் வேண்டாம், அது அவர்களிடமே இருக்கட்டும். மகனைக் கைவிடச் சொல்லவில்லை. வக்கீலிடம் போகும்போது கூடப் போங்கள், ஆலோசனைக்கு அழைத்துப் போங்கள், வீட்டில் சோறு போடுங்கள். மேடையைத் திருப்பிக் கொடுக்காதீர்கள்.

அப்புறம் உங்கள் கடிதத்தில் ஒரு வரி என்னை விடவில்லை. நாலு வரிக்கு மேல் படிக்க முடியவில்லை, போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பிள்ளை அதைத் தனியாகப் படித்திருக்கிறாள், பல ராத்திரி. சபையில் இத்தனை பேர் இருக்க, அவனுடைய அம்மாவிடமே கொண்டுவந்து காட்டியிருக்கிறாள், எவ்வளவு நம்பியிருந்தால். இன்று சாயங்காலம் அவளைப் பார்க்கப் போங்கள். நீ சொன்னதை நம்புகிறேன் என்று முதலில் சொல்லுங்கள். அவள் மறுபடி காட்டினால் போனை வாங்கி, கடைசி வரை படியுங்கள்.